கல்லடிப் பாலத்துக்கு ஏன் சாம்பல் பூசுறீங்க?

கல்லடிப் பாலத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் போடுவதைக் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்தி வைப்பமா? கோபம் வரும், தெரியும். நம்மட ஊரில் கமரா வாங்கிற ஆக்கள் முதலில் போற இடம் அதுதான். விடியக் காலமை, வாவிக்கு மேல மெல்லிய புகார், ஒரு தோணி, பின்னால் இரும்புச் சட்டங்கள். வீட்ட வந்ததும் போனில் ஒரு பில்டர். நிறம் போகும், வானம் கறுக்கும், கீழே ‘காலத்தை வென்ற பாலம்’ மாதிரி ஒரு வரி ஏறும். அடுத்த நாள் ஒல்லாந்தர் கோட்டை. அதுக்கடுத்த நாள் பாலமீன்மடு வெளிச்சவீடு. பிறகு காந்தி பூங்கா. நாலும் சேர்ந்தால் ‘பழைய மட்டக்களப்பு’ எண்டு ஒரு அல்பம். எடுத்தது போன கிழமை!

படங்கள் வடிவில்லை என்று நான் சொல்லவில்லை. சில படங்கள் நல்ல வடிவு. என்ட சண்டை திகதியைப் பற்றியது. போன கிழமை எடுத்த படத்துக்கு அறுபது வருசத்துப் பழசைப் பூசினால், அந்த அறுபது வருசத்துக்குள் நடந்த எல்லாத்துக்கும் மேலயும் அதே பூச்சுத்தான் விழுது. வேற ஊர்க்காரருக்கு அது ஒரு ஸ்டைல். நமக்கு அப்படி விட்டுவிட ஏலாது.

பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924 இல் திறந்தது. அப்போதைய ஆளுநர் மானிங்கின் மனைவி பேரில் ‘லேடி மானிங் பாலம்’. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அகலம், அங்கால இருந்து பஸ் வந்தால் இங்கால நிக்க வேணும். அதுக்குப் பக்கத்திலேயே, ஜப்பான் உதவியோடு கட்டின புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. இப்ப யோசித்துப் பாருங்கள், நம்மட படங்களில் அந்தப் புதிய பாலம் எங்கே? எத்தனையோ பேர் புதிய பாலத்தில் ஏறி நின்றுதான் பழைய பாலத்தை எடுக்கிறார்கள். மற்றக் கோணம் என்றால் புதிய பாலம் விழாத மாதிரி வெட்டி எடுக்கிறார்கள். தப்பித் தவறி ஒரு கொங்கிறீட் ஓரம் விழுந்தால் பில்டர் அதைக் கறுப்புக்குள் அமத்திவிடும். நூறு வயது தாண்டிய பாலம் இன்னும் நிற்கிறது என்பது பெரிய செய்தி. எதுக்குப் பக்கத்தில் நிற்கிறது, இப்ப அதில் யார் போறாங்க, துரு எங்க ஏறியிருக்கு என்பதெல்லாம் அந்தச் செய்தியின் மற்றப் பாதி. அந்தப் பாதியைத்தான் நாம் வெட்டி எறிகிறோம்.

இன்னொரு விசயம், கொஞ்சம் தொழில்நுட்பம். இந்தப் படங்கள் உண்மையான பழைய படங்கள் மாதிரியும் இல்லை. 1920கள் வரைக்கும் பெரும்பாலும் பாவித்த தகடுகளுக்கும் பிலிமுக்கும் சிவப்பு நிறம் தெரியாது. நீலத்தை மட்டும் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கும். அதால நீல வானம் தாளில் வெறும் வெள்ளையாகத்தான் விழும். முகில் வேணும் என்று வேற நெகட்டிவிலிருந்து முகிலை எடுத்து ஒட்டின படப்பிடிப்பாளர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். சிவப்புச் சேலை கறுப்பாகும். நம்மட மண்ணிறத் தோல் இருக்கிறதை விடக் கறுத்து விழும். குடியேற்றக் காலப் படங்களில் நம்மட ஆக்கள் முகம் தெரியாத நிழல்களாக நிற்பதற்கு வெள்ளைக்காரன்ட பார்வை மட்டுமில்லை, அந்த மருந்துப் பூச்சும் ஒரு காரணம். போனில் இருக்கிற பில்டர் செய்யிறது இதுக்கு நேர் எதிர். சிவப்புக் கண்ணாடி போட்டு எடுத்த மாதிரி வானத்தைக் கறுப்பாக்கி முகிலைப் பளிச்சென்று தூக்கிக் காட்டும். அது எந்தப் பழைய மட்டக்களப்புப் படத்திலிருந்தும் வரவில்லை. பிறகு வந்த ஹொலிவூட் படங்களிலிருந்தும் அமெரிக்க மலைப் படங்களிலிருந்தும் வந்தது. அப்ப நாம் ஏங்கிறது யாருடைய பழைய காலத்துக்கு?

சரி, நம்மட வீடுகளில் இருக்கிற உண்மையான கறுப்பு வெள்ளைப் படம் எது? என்னைக் கேட்டால் அடையாள அட்டைப் படம். 1972 இல் இந்த நாட்டில் அடையாள அட்டை வந்தது. லமினேற் பண்ணின அந்த அட்டையில் தபால் தலையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்பு வெள்ளை முகம். அம்மா அப்பா வயதுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில இருந்து இறங்கி, வரிசையில் நின்று, சென்றியில் அந்த முகத்தையும் தங்கட முகத்தையும் மாறி மாறிப் பார்க்கக் குடுத்த கதை எல்லாருக்கும் இருக்கு. அவங்களுக்குக் கறுப்பு வெள்ளை எண்டால் அதுதான். கவிதை இல்லை. ஐசி.

அதே படம்தான் பிறகு பெருப்பிக்கப்பட்டு மாலையோடு சுவரில் ஏறினது. ஒரு ஆளிட வேற படமே வீட்டில் இல்லாதபோது, பள்ளிக்கூட அனுமதிப் படிவத்தில் ஒட்டினதையோ ஐசியில் இருந்ததையோ ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெருப்பித்தார்கள். 1990 செப்டம்பர் 5, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்துக்குள் இருந்து 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்து சத்துருக்கொண்டான். அதுக்கு ஒரு மாதம் முந்தி, ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். இந்த மாவட்டத்தில் ஒரு முகத்துக்குப் பின்னால் என்ன திகதி இருக்கு என்பது சின்ன விசயம் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்றைக்கும் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரோட்டில் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் கறுப்பு வெள்ளையும் இருக்கும், நிறம் வெளிறின கலர்ப் படங்களும் இருக்கும். அந்த வெளிறலைப் பார்த்தாலே எத்தனை வருசம் கையில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களைப் படம் எடுக்கப் போகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, தயவுசெய்து அதையும் கறுப்பு வெள்ளையாக்காதீங்க. அப்படி ஆக்கினால் அது எப்பவோ முடிந்துபோன போராட்டம் மாதிரித் தெரியும். அந்தத் தாய் நேற்றும் வந்தவர், நாளைக்கும் வருவார்.

‘பழைய படங்கள்ட அழகு’ எண்டு சொல்லும்போது, அந்தப் பழைய படங்களுக்கு என்ன நடந்தது என்றும் கேட்க வேணும். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது அல்பங்களும் நனைந்தன. 90 இல் வீட்டை விட்டு ஓடினவர்கள் அரிசியையும் பிள்ளையையும் தூக்கினார்கள், ட்ரங்குப் பெட்டியைத் தூக்கவில்லை. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, சில இடத்தில் வீடும் இல்லை. மிச்சம் இருந்ததைக் கல்லடி, நாவலடிப் பக்கம் 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனது. நாவலடியில் ஆட்களே போனபிறகு அல்பத்தைப் பற்றிப் பேசுவதுக்கு வாய் வராது. ஆனாலும் பேசத்தான் வேணும். கலியாணப் படம் ஒன்று கூட இல்லாத குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. இவ்வளவு இல்லாமல் போன இடத்தில், இல்லாமல் போனதைத் தேடாமல், அதே மாதிரி ஒன்றைப் பில்டரில் செய்து அந்த வெற்றிடத்தில் மாட்டி விடுகிறோம். பொய்ப் பல் மாதிரி. சிரிக்கும்போது நல்லாத்தான் இருக்கும்.

இதில் ஒரு பகிடியும் இருக்கு. நம்மட மூத்தப்பா பெத்தாமார் கறுப்பு வெள்ளையை விரும்பினதே இல்லை. வேற வழி இல்லாமல்தான் எடுத்தார்கள். கொஞ்சம் காசு கையில் இருந்தால் ஸ்டூடியோக்காரரிடம் மேலதிகமாகக் குடுத்து, தூரிகையால் கன்னத்துக்கு ரோஸ் நிறமும் சேலைக்குக் கரையும் தாலிக்குப் பொன்னும் பூசுவித்தார்கள். தெற்காசியா முழுக்க இந்தத் தொழில் இருந்தது. அவர்கள் காசு குடுத்து ஏற்றின நிறத்தை நாம் சும்மா கிடைக்கிற பில்டரில் இறக்குகிறோம்.

இப்ப எதிர்வாதத்துக்கு வருவம். ‘நிறம் கண்ணைக் குழப்பும். கறுப்பு வெள்ளையில்தான் வடிவமும் வெளிச்சமும் தெரியும்.’ இதைக் கமரா பழகிற எல்லாரும் எங்கேயோ கேட்டிருப்பார்கள். உடனே லயனல் வெண்டின் பேர் வரும். வரட்டும், அவர் பெரிய ஆள்தான். 1900 இல் பிறந்து 1944 இல் போன கொழும்புக்காரர், 43 குழு உருவாக முன்னுக்கு நின்றவர். அவர் போன பிறகு 1950 இல் வந்த அவருடைய படத்தொகுப்பை எப்படியாவது தேடிப் பாருங்கள். ஆனால் அவர் வேலை செய்த காலத்தை யோசியுங்கள். கொடக்குரோம் பிலிம் வந்ததே 1935 இல். கறுப்பு வெள்ளைதான் அவருக்குக் கிடைத்த பொருள். அந்தப் பொருளுக்குள் இறங்கி, இருட்டறையில் நெகட்டிவைப் பாதியில் வெளிச்சத்துக்குக் காட்டி ஓரங்களைத் தலைகீழாக்கி, இரண்டு மூன்று நெகட்டிவைச் சேர்த்து, அது என்னவெல்லாம் செய்யும் என்று தோண்டிப் பார்த்தார். கலரில் எடுத்துவிட்டுக் கடைசி நிமிசத்தில் நிறத்தை உறிஞ்சுவது அந்தத் தோண்டல் இல்லை. படம் சரியாக வரவில்லை என்றால் கறுப்பு வெள்ளையாக்கு என்று ஒரு ‘டிப்ஸ்’ நம்மளுக்குள்ள சுத்துது, அது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்தானே.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் வோக்கர் எவன்ஸ் ஒருகாலத்தில் கலர்ப் படம் எண்டால் அநாகரிகம் என்றே எழுதினார். அதே ஆள் 70களில், எழுபது வயது நெருங்கிற நேரம், ஒரு பொலரொயிட் கமராவைத் தூக்கிக்கொண்டு தெருப்பலகைகளைக் கலர் கலராக எடுத்துத் தள்ளினார். மற்றப் பக்கம் இந்தியாவின் ரகுபிர் சிங். 1998 இல் வந்த தன்ட தொகுப்பில் அவர் நீளமாக வாதாடுகிறார்: கறுப்பு வெள்ளை மேற்கின் மனநிலையில் இருந்து வருவது, இந்தியாவின் பார்வை நிறத்தில் ஊறினது என்று. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். நிறம் நம்மட இரத்தத்தில் இருக்கு மாதிரியான பேச்சு எனக்குப் பயம், இரத்தக் கதை எங்க போய் முடியும் என்று இந்த நாட்டில் பார்த்தவர்கள் நாம். 1943 வங்காளப் பஞ்சத்தை சுனில் ஜானா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ‘இந்தியப் பார்வை இல்லை’ என்று யாரால் சொல்ல ஏலும்? ஆனால் சிங் கேட்ட கேள்வி சரியானது. ஒரு இடத்தைப் பற்றின தகவல் நிறத்தில் இருக்கும்போது அந்த நிறத்தை எடுத்துவிட்டு எதைக் காட்டப் போறீங்க?

நம்மட வாவியில் தகவல் நிறத்தில்தான் இருக்கு. மாரி வெள்ளம் வரும்போது தண்ணி மண் கலங்கி பால் தேத்தண்ணி மாதிரி இருக்கும். முகத்துவாரம் வெட்டி விட்டால் அந்தக் கலங்கல் கடலுக்குள் ஒரு நாக்கு மாதிரி நீளும். கோடையில் பச்சை ஏறும். ஆற்றுவாழை பூத்தால் ஊதா. மீன்பிடிக்கிற ஆள் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு என்ன வலை எண்டு முடிவு பண்ணுவார். கறுப்பு வெள்ளையில் வருசம் முழுக்க ஒரே தண்ணி, ஒரே மாதம், ஒரே சாம்பல். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற சொப்பிங் பேக்கும் மென்பானப் போத்தலும் கூட அந்தச் சாம்பலில் கல்லும் நுரையும் மாதிரி அழகாகிவிடும். இயற்கைக் காட்சி எண்டு லைக் விழும். வாவி அழுக்காகுது என்று எழுதுகிற அதே ஆக்கள்தான் வாவியைக் கழுவித் துடைத்துப் படமும் போடுகிறார்கள். இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை.

ஊரும் அப்படித்தான். கோயில் மதிலில் சிவப்பு வெள்ளைக் கோடு, பள்ளிவாசலின் பச்சை, மாதா கோயில் திருவிழாக் கொடி, காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவில் நிற்கிற பேரீச்சை மரங்கள். கல்முனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எந்த ஊர் முடிந்து எந்த ஊர் தொடங்கிறது என்பதை யன்னலால் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். சிவப்பையும் பச்சையையும் ஒரே சாம்பலாக்கிற பில்டரை ‘ஒற்றுமை’ என்று ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். இல்லை மச்சான். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் முகம் பார்க்காமல் இருந்த காலமும் இருந்தது, திரும்பக் கடையில் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கிற காலமும் வந்தது. இரண்டையும் சொல்லுவதற்கு யார் யார் என்று தெரிய வேணும். எல்லாரையும் ஒரே நிறமாக்கினால் சண்டையும் தெரியாது, சமாதானமும் தெரியாது.

அடையாளச் சின்னங்கள் என்று நாம் தெரிந்தெடுக்கிற பட்டியலையும் ஒருக்காப் பாருங்கள். கோட்டை 1628 இல் போர்த்துக்கேயர் கட்டினது, பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்தது. வெளிச்சவீடு 1913, வெள்ளைக்காரன் காலம். பாலம் ஒரு ஆளுநரின் மனைவி பேரில். காந்தி பூங்காவில் நிற்கிற வில்லியம் ஓல்ட் 1814 இல் வந்திறங்கின மெதடிஸ்த பாதிரியார், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைத் தொடங்கினவர். எல்லாமே வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. அவை நம்மட இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோட்டைக்குள் கச்சேரி இருந்த காலம் முழுக்கப் பிறப்புப் பதிவுக்கும் இறப்புப் பதிவுக்கும் அலைந்த சனத்தின் கால் பட்டுத்தான் அந்தக் கல் தேய்ந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில் அந்த அலைச்சல் தெரியாது, ஒல்லாந்தர் மட்டும்தான் தெரிவார்கள். ‘சிலோன்’ என்று அச்சடித்த பழைய போஸ்ட்கார்ட்டை நாமே திருப்பி அச்சடிக்கிறோம்.

அந்தப் பட்டியலில் படுவான்கரை எங்கே? வெளிச்சத்தை வைத்தே ஊருக்குப் பேர் வைத்த சனம் நாம். பொழுது எழும்பும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. படப்பிடிப்பாளருக்கு இதை விட நல்ல பாடம் இருக்கா? ஆனால் கமராக்கள் வாவியைத் தாண்டிறதில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக ‘பாதை’ தான். தெரியாதவர்களுக்கு: மிதவைப் படகுக்கு இங்க பேர் பாதை. மோட்டர்சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் ஆசிரியரும் கர்ப்பிணியும் ஒன்றாக ஏறி நிற்கிற தட்டு. பத்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் பாதையை நல்லா எடுத்த படம் உங்களிட்ட எத்தனை இருக்கு? குருமண்வெளியில் மண்டூருக்குப் பாதை ஏற நிற்கிறவர்களின் முகத்தை யார் எடுத்தது? கல்லடிப் பாலத்துக்கு ஆயிரம் படம் இருக்கு, ஆயிரத்தோராவதை நீங்க எடுக்காவிட்டால் பாலம் விழாது.

கறுப்பு வெள்ளை வேண்டாம் என்றால் அந்தச் செம்மஞ்சள் வானம், நீலக்கல் மாதிரிப் பாசிக்குடாத் தண்ணி, ட்ரோன் படம், அதுவா வேணும் என்று கேட்கலாம். அதுவும் வேண்டாம். அது சுற்றுலா விளம்பரக்காரரின் பொய், இது நம்மட சொந்தப் பொய், அவ்வளவுதான் வித்தியாசம். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் மட்டக்களப்பு எப்படி இருக்கு என்று எடுங்க. வெளிறின, தூசு பிடித்த, கண் கூசுற நிறம். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் சுனாமியில் சரிந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் காயப்போட்ட துணி என்ன நிறம் என்று எடுங்க. அதோடு திகதியைப் போடுங்க, எடுத்த இடத்தைப் போடுங்க. முப்பது வருசம் கழித்து அது தானாகவே பழைய படம் ஆகும், நீங்க ஒன்றும் செய்யத் தேவையில்லை.

உண்மையிலேயே பிலிமில், கறுப்பு வெள்ளையில், வேணும் என்றே வேலை செய்கிற இரண்டு மூன்று பேர் நம்மளுக்குள்ள இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நிழலைப் பற்றி அவர்கள் என்னை விட நூறு மடங்கு தெரிந்தவர்கள்.

மற்ற ஆக்களுக்குப் பழைய மட்டக்களப்பு மேல் அவ்வளவு ஆசை என்றால் ஒரு வேலை இருக்கு. இந்தப் போயா லீவுக்குக் கமராவை வைத்துவிட்டுப் பெத்தாட்ட போங்க. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. மூத்தும்மாட்ட போங்க. பழைய ஸ்டூடியோ நடத்தினவர் ஊரில் இன்னும் இருந்தால் நெகட்டிவ் மிச்சம் இருக்கா என்று கேளுங்க, வாங்கிக்கொண்டு ஓட வேண்டாம், அங்கேயே இருந்து எடுங்க. படத்தில் இருக்கிறது யார் என்று அவங்க சொல்லச் சொல்லப் போனில் பதிவு பண்ணுங்க, அந்தக் குரல் போனால் படம் வெறும் தாள். 2005 இல் இருந்து இயங்குகிற நூலகம் நிறுவனம் மாதிரி ஆவணப்படுத்துகிற இடங்களோடு பேசலாம். குடும்பம் சம்மதித்தால் மட்டும்.

ஸ்கேன் பண்ணும்போது இரண்டு பக்கமும் பண்ணுங்க. பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோ முத்திரையும், நீல மையால் எழுதின பேரும் திகதியும் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்ற வேண்டாம். கலரிலேயே விடுங்க. மஞ்சளடித்த தாளும் கரையான் அரித்த ஓரமும், வெள்ளம் வந்து நின்ற மண்ணிறக் கோடும் கலரில்தான் விழும்.